தோள் கொடுக்கப் போகும் தம்பிகளுக்கு

ஊரில் சாவு விழுந்தால் பந்தல்காரரையும் ஐஸ் பெட்டிக்காரரையும் போனில் கூப்பிட்டுவிடலாம். பாடை தூக்க ஆள் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு. எங்கள் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து இளவட்டங்கள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சேதி கேட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்து சேரும் பிள்ளைகளுக்கு அழத் தெரிகிறது, தூக்கத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கல்யாண வேலையைச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வீடு ஆள் உண்டு. சாவு வேலையை வாயால் சொல்வதே அபசகுனம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் ஒதுக்கப் போவதில்லை. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும். இங்கே சொல்வது பெரும்பாலும் எங்கள் பக்கத்துப் பழக்கம். சுமை மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

1. அழைப்புக்குக் காத்திருக்காதே. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகலாம். கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். போனதும் மாலையைப் போட்டுவிட்டு நாற்காலி தேடி உட்காராதே. எந்தச் சாவு வீட்டிலும் காரியத்தை எடுத்து நடத்துகிற ஒரு பெரியவர் இருப்பார். அவரிடம் போய், "நான் இருக்கேன், எதுக்குன்னாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணில் படும்படி நில். முதல் தோள் யாருடையது என்பதில் முறை இருக்கிறது. பங்காளி, மருமகன், பேரன் என்று வீட்டுக்கு வீடு மாறும். முந்திக்கொண்டு போய்ப் பிடித்தால் அங்கேயே ஒரு சண்டைக்கு வழி பண்ணிவிடுவாய்.

2. மனைவி மாசமாக இருந்தால் பாடையைத் தொடக்கூடாது என்பார்கள். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் வாதம் பண்ணாதே. வீட்டில் இருக்கும் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று பார். தோள் கொடுக்காமலே செய்யக் கூடிய வேலை சாவு வீட்டில் நிறையக் கிடக்கிறது. குடலிறக்கம், முதுகுத்தண்டு வலி உள்ளவர்களும் வெட்கப்படாமல் சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். பாதி வழியில் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் பேர் கதி என்ன?

3. குடித்துவிட்டுத் தூக்காதே. இதற்கு விளக்கம் கிடையாது.

4. பாடை கட்டும்போதே கூட நில். தூக்கப் போகிறவனுக்குத் தான் தூக்குவது எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். பச்சை மூங்கில்தான் நல்லது. காய்ந்த மூங்கில் இலேசாக இருக்கும், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். நீள மூங்கில் இரண்டும் ஒரே பருமனில் இருக்கட்டும். ஒன்றின் அடிப்பக்கமும் மற்றதன் நுனிப்பக்கமும் ஒரே முனையில் வரும்படி போட்டால் இரண்டு முனையும் சமமாகும். இறந்தவர் உயரத்துக்கு மேல் தலைமாட்டில் இரண்டடி, கால்மாட்டில் இரண்டடி விடு. தோள் வைக்க இடம் வேண்டாமா? குறுக்குக் கட்டைகளை நெருக்கமாகக் கட்டி, மேலே வைக்கோலும் பச்சைக் கீற்றும் பரப்புவார்கள். இடுப்புக்குக் கீழே வருகிற குறுக்குக் கட்டைதான் அதிகச் சுமை தாங்கும், அதை இரட்டையாகப் போடச் சொல்.

கட்டு போடுவதற்கு வைக்கோல் பிரிதான் பழைய முறை. அறுவடை மெஷின் வந்தபிறகு நீள வைக்கோல் அருகிவிட்டது. மெஷின் துப்பும் வைக்கோலில் பிரி திரிக்க முடியாது. அதனால் அவசரத்துக்கு நைலான் கயிற்றைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். பச்சை மூங்கில் வழவழப்பு, நைலானும் வழவழப்பு. நடக்க நடக்க முடிச்சு நழுவும். தேங்காய் நார்க் கயிறு எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது, அதை வாங்கி நனைத்துக் கட்டு. கட்டி முடித்ததும் வெறும் பாடையை நாலு பேர் தூக்கி ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். எது கழன்றாலும் அப்போதே கழலட்டும்.

5. உடலைப் பாடைக்கு மாற்றும்போது கோடித் துணியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் கெட்டியான போர்வையோ பாயோ ஒன்று இருக்கட்டும். அது சுடுகாட்டிலும் உதவும். ஐஸ் பெட்டியில் இருந்த உடல் விறைத்திருக்கும், ஈரம் பூத்திருக்கும், பிடி வழுக்கும். துண்டால் துடைத்துவிட்டுத் தொடு. பிரேதப் பரிசோதனை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றிக் கட்டி வந்த உடலை யார் கேட்டாலும் அவிழ்க்காதே. தாய் முகம் பார்க்க வேண்டும் என்றால் முகத்தை மட்டும் விலக்கிக் காட்டு.

6. ஆள் நிறுத்துவதுதான் இந்த வேலையில் பாதி. அறுபது கிலோ உடல். பச்சை மூங்கில், கீற்று, மாலை எல்லாம் சேர்ந்து இன்னொரு முப்பது கிலோ என்று வைத்துக்கொள். நாலு பேருக்குத் தலைக்கு இருபத்திரண்டரை கிலோ. கணக்கில் இலேசுதான். ஆனால் ஒருவன் நாலு விரற்கடை குட்டையாக இருந்தால் அவன் தோளில் மூங்கில் பட்டும் படாமலும் இருக்கும், அவன் பங்கையும் மற்றவர்கள் சுமப்பார்கள். குட்டையானவன் ஏமாற்றவில்லை, நிறுத்தியவன் பார்க்கவில்லை. ஆகவே ஒரே முனையில் நிற்கிற இருவர் ஒரே உயரமாக இருக்கட்டும். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. கனத்த உடலானால் நடுவில் இன்னொரு ஜோடி.

மனித உடலில் தலை, மார்பு, வயிறு இருக்கும் பாதிதான் கனம். கால் பக்கம் இலேசு. ஆகவே பலசாலிகளைத் தலைமாட்டில் நிறுத்து. மகன்தான் தலைமாடு தூக்க வேண்டும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். ரெண்டு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல், தூங்காமல் இருக்கிற பிள்ளை அவன். அவனைத் தெருவரைக்கும் தூக்க விட்டுவிட்டு, மெல்ல நீ வாங்கிக்கொள். கொள்ளி வைக்கப் போகிற மகன் சட்டியோடு முன்னால் போக வேண்டியவன். எங்கள் பக்கம் தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைமகன். அவனைத் தூக்கும் கணக்கிலேயே சேர்க்காதே.

7. தோளில் துண்டை நாலாக மடித்துப் போடு. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வா. போனையும்தான். பாடை தோளில் இருக்கும்போது சட்டைப்பையில் சினிமாப் பாட்டு அடித்தால் நாற்பது வீட்டுக்குக் கேட்கும்.

8. தூக்கச் சொல்லும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். நாலு பேர் நாலு தரம் "தூக்கு, தூக்கு" என்று கத்தினால் ஒரு முனை எழும்பும், ஒரு முனை தரையில் கிடக்கும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பிடி. முதலில் இடுப்பு வரை, அங்கே ஒரு நொடி நிறுத்தம், பிறகு தோள். இடப்பக்கம் நிற்பவன் வலத்தோளில் வாங்க வேண்டும், வலப்பக்கம் நிற்பவன் இடத்தோளில். அந்த நேரத்தில்தான் பெண்கள் பாடையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். கையைத் தட்டிவிடாதே. அப்படியே நில். அவர்கள் வீட்டுப் பெரிய மனுஷி யாராவது வந்து விலக்கிவிடுவாள். உனக்குத் தோள் வலிக்கும், வலிக்கட்டும்.

9. வீட்டைவிட்டுக் கால் முன்னால் போக வேண்டும். பந்தல் கம்பம், தாழ்வாரம், தெருவிளக்குக் கம்பி மூன்றையும் முன்கூட்டியே பார்த்து வை. வயசாளிச் சாவு என்றால் தேர் மாதிரி உயர்த்திக் கட்டுகிறார்கள், மேலே பூ ஜோடனை வேறு. தெருவின் குறுக்கே தொங்கும் மின்கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தேர் கட்டும் முன்னே அளந்து பார்க்க ஒருவனை அனுப்பு. தாழ்வாக இருந்தால் தேரைக் குறை. கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை. பச்சை மூங்கிலில் மின்சாரம் பாயும்.

10. நடை. ஸ்ரீரங்கத்தில் பெருமாளை ஏளப்பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகளைப் பார்த்திருப்பாய். அத்தனை பேர் நடந்தும் மேலே இருப்பவர் மிதந்துதான் போவார். காலைத் தரையோடு ஒட்டி எடுத்து வைத்து, முழங்காலில் அதிர்வை வாங்கிக்கொள்கிறார்கள். பாடைக்கும் அதே நடைதான். பறைக்கு ஏற்றபடி கால் தானாகக் குதிக்கப் பார்க்கும், விடாதே. குட்டி அடியாக வை. நாலு பேரும் ஒரே காலை ஒரே நேரத்தில் வைக்க வேண்டியதில்லை. அப்படி வைத்தால்தான் ஊஞ்சல் ஆடும்.

11. ஆள் மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒரு முனைதான் மாற வேண்டும். வாங்குகிறவன் பின்னாலிருந்து வந்து தோளைக் கொடுத்து, "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கொடுக்கிறவன் விலக வேண்டும். தோள் வலிக்கிறது என்பது தோள் மரத்துப் போன பிறகு தெரியும். அதற்கு முன்னாலேயே மாறிக்கொள். எட்டுப் பேராவது சுற்றில் இருந்தால்தான் ஒரு கிலோமீட்டர் தூரம் சிரமமில்லாமல் போகலாம்.

12. எங்கள் டெல்டாவில் பாதிச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. ஆற்றங்கரையிலோ வாய்க்கால் படுகையிலோ இருக்கும், நடுவில் வயல். கோடையில் சாவு என்றால் தரிசில் நடந்து போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் நடவு வயலுக்கு நடுவே ஒன்றரை அடி வரப்பில் போக வேண்டும். வரப்பில் ஜோடியாக நடக்க முடியாது. அங்கே பக்கவாட்டு ஆட்கள் வயலில் இறங்கிவிட வேண்டியதுதான். பயிர் மிதிபடும். வயல்காரரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சொல்லாமல் மிதித்தால் மறுநாள் பஞ்சாயத்து.

சேற்றில் இறங்கும்போது செருப்பைக் கழற்று. குதிகாலை முதலில் ஊன்றாதே. முழுப் பாதத்தையும் வைத்து, சேறு அமுங்கி நின்ற பிறகு அடுத்த காலை எடு. வெட்டாற்றிலோ பாமணி ஆற்றிலோ இடுப்பளவு தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தால் முதலில் வெறும் ஆள் ஒருவன் கழியோடு ஆழம் பார்த்துக்கொண்டு போகட்டும். கயிறு ஒன்றை இக்கரைக்கும் அக்கரைக்கும் இழுத்துக் கட்டு. தண்ணீர் வரும் திசையில் பலமான ஆட்கள் நிற்க வேண்டும். உடலைப் பாடையோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டியிருக்க வேண்டும். கட்டாத பாடையை ஆற்றில் இறக்காதே. மேடேறும்போது பின்னால் இருப்பவர்கள் தோளுக்கு மேல் கையில் ஏந்த வேண்டும், இறங்கும்போது முன்னால் இருப்பவர்கள். பாடை எப்போதும் படுக்கையாகவே இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படி ஆற்றில் இறங்கிப் பிணம் சுமக்கும் படம் பத்திரிகையில் வருகிறது. பார்க்கிறவர்கள் "பாவம்" என்கிறார்கள். ஒரு நடைபாலம் கட்டினால் போதும், பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை. கிராம சபையில் இதைக் கேட்டு எழுதிக் கொடுப்பதும் தூக்குகிறவன் வேலைதான்.

13. ஆட்டம், பட்டாசு, ரோட்டில் மாலையைப் பிய்த்து எறிவது. எண்பது தொண்ணூறு வயசு வாழ்ந்தவரைக் கொட்டு மேளத்தோடு அனுப்புவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆடுகிறவன் வேறு, தூக்குகிறவன் வேறு. 2020-ல் கானா நாட்டுக்காரர்கள் சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடிய காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அது பணம் வாங்கிக்கொண்டு பழகிச் செய்கிற தொழில், அந்த வீட்டார் கேட்டுச் செய்வது. அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பையன்கள் பாடையைக் குலுக்கினால் கீற்றும் பிணமும் சேர்ந்து தெருவில் விழும். தார் ரோட்டில் கிடக்கும் ஈரப்பூவில் பைக் வழுக்கும். கடைசியாக வருகிறவர்கள் கையில் ஒரு விளக்குமாறு இருந்தால் நல்லது. வெடியை ஆள் இல்லாத இடத்தில் வெடி, இல்லையென்றால் வெடிக்காதே.

14. சுடுகாட்டு எல்லையில் அரிச்சந்திரன் மேடை இருக்கும். அங்கே பாடையை இறக்குவார்கள். காசியில் சுடலை காத்த ராஜாவுக்குச் சொல்ல வேண்டியதை வெட்டியான் சொல்வார், காசு வைப்பார்கள். அதன் பிறகு பாடையைத் திருப்பித் தலை முன்னாலாகத் தூக்குவது எங்கள் வழக்கம். திருப்பும்போது சுற்று பெரிதாக வேண்டும், ஒரு முனை நிற்க மறுமுனை ஓடக்கூடாது. பிறகு கட்டையை மூன்று சுற்று வரும்போது தரை ஒழுங்காக இருக்காது, பழைய குழி, எலும்பு, உடைந்த சட்டி எல்லாம் கிடக்கும். காலைப் பார்த்து நட.

அங்கே வேலை செய்கிறவரை மரியாதையாகக் கூப்பிடு. அவர் வயதுக்கு நீ அண்ணன் என்றோ ஐயா என்றோதான் சொல்ல வேண்டும். கூலியைப் பேசியபடி, கையில், உடனே கொடுக்கச் சொல். சாராய பாட்டிலைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிற வழக்கம் ஒழிய வேண்டும்.

எரிவாயுத் தகன மேடை இருக்கிற டவுனில் மூங்கில் பாடையை உள்ளே விட மாட்டார்கள். தள்ளுவண்டித் தட்டுக்கு உடலை மாற்ற வேண்டும். அடியில் போர்வை போடச் சொன்னது இதற்குத்தான். கட்டுகளை அறுக்கக் கத்தி ஒன்று கையோடு இருக்கட்டும். கடைசி நேரத்தில் பல்லால் கயிறு கடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறோம்.

15. மாற்று மதத்தார் வீட்டுச் சாவுக்குப் போனால் அவர்கள் முறையில் நில். முஸ்லிம்கள் பள்ளிவாசலிலிருந்து சந்தூக் என்கிற பெட்டியைக் கொண்டுவந்து ஜனாஸாவை, அதாவது உடலை, அதில் எடுப்பார்கள். ஆளாளுக்குத் தோள் கொடுத்து, சில அடி நடந்து, அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். சுமக்க ஆள் தேடுகிற பிரச்சினையே அங்கே கிடையாது. தோள் கொடுக்கத்தான் நெரிசல். நடையும் நம்மைவிட வேகம், தாமதம் கூடாது என்பது அவர்கள் நெறி. நம்மவர்கள் அதைப் பார்த்துக் கற்க வேண்டும். கிறிஸ்தவர் வீட்டில் பெட்டி. கைப்பிடி இருக்கும், தோளிலும் வைப்பார்கள். குழியில் இறக்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. வழுக்கினால் உன்னையும் சேர்த்து இழுக்கும்.

16. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது அத்தனையும் வீண். 2016 ஜனவரியில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவர் இறந்தார். உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டும், ஊரில் எதிர்ப்பு. கடைசியில் போலீஸே உடலைத் தூக்கிக்கொண்டு வேறு வழியாகப் போய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கம் நாராயணபுரத்தில், வழி கிடைக்காமல் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்தது. இரண்டையும் சுமந்தவர்களின் இடத்தில் உன்னை நிறுத்திப் பார். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். கூட வேலை பார்த்த இன்னொரு மருத்துவர்தான் ராத்திரியில் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அதற்குப் பிறகு இப்படித் தடுப்பதைக் குற்றமாக்கி அரசு அவசரச் சட்டம் போட்டது.

உன் தெருவுக்கு வெளியே சாவு நடந்தால் போ. "நம்ம ஆளுங்க இல்லையே" என்று யாராவது சொன்னால், அவர் சொன்னதை மதிக்காதே. வழிமறிக்கிற கூட்டத்தில் நிற்காதே. உன் அப்பாவே அதில் நின்றாலும் நிற்காதே. பிணத்தை மறிக்கிறவனுக்கு நாளைக்குத் தூக்க ஆள் வருவது அவன் பாக்கியம்.

17. பெண்கள் தெருமுனை வரை வந்து திரும்புவதுதான் பழக்கம். இப்போது சில வீடுகளில் மகளே தோள் கொடுக்க வருகிறாள். பெற்றவளைப் பத்து வருஷம் படுக்கையில் தூக்கிப் புரட்டியவளுக்குப் பாடை கனக்கும் என்று சொல்ல நீ யார்? அவள் உயரத்துக்கு ஜோடி பார்த்து நிறுத்து. கூட்டத்தில் யாராவது முணுமுணுத்தால் பறையைக் கொஞ்சம் ஓங்கி அடிக்கச் சொல்.

18. டவுனில் எல்லாம் வண்டிதான். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. ஆஸ்பத்திரி வாசலில் தனியார் வண்டிக்குப் பேரம் பேசும் முன் அதைக் கூப்பிடு. வண்டி வந்தாலும் அடுக்குமாடியிலிருந்து இறக்குவது நாலு பேர் வேலைதான். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் கால்மாடு முதலில் இறங்க வேண்டும், உடலை மூன்று இடத்தில் கட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நிறுத்தம். மேலே சொன்ன மேடேறி இறங்கும் கணக்கே இதற்கும்.

19. முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்து குளி. குளித்த பிறகுதான் சாப்பாடு. "போயிட்டு வரேன்" என்று சாவு வீட்டில் சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விடு. தோளில் போட்ட துண்டைத் துவைத்துப் போடு. மறுநாள் பால் தெளிக்கவும் ஆள் வேண்டும். பாடைக்கு வந்த கூட்டத்தில் பாதி அதற்கு வராது. நீ வா. தூக்கியதற்காக யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், எதிர்பார்க்காதே. பதினாறாம் நாள் கருமாதிப் பந்தியில் உனக்கு ஒரு இலை உண்டு.

20. எங்கள் பக்கம் பிரி திரிக்கவும் பாடை கட்டவும் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர் செத்தால் அவருக்குக் கட்ட ஆள் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்.